பனியன் துணுக்கும் நாளைய வேலையும்

பனியன் தைப்பதற்குத் துணி வெட்டும்போது கழுத்துப் பக்கத்திலும் கைப் பக்கத்திலும் சிறு சிறு துணுக்குகள் மிஞ்சும். தொழிலில் இருப்பவர்கள் இதைக் 'கட்டிங் வேஸ்ட்' என்பார்கள். மெக்கானிக் கடையில் கிரீஸ் துடைக்க வைத்திருக்கும் 'பனியன் வேஸ்ட்' இதற்கு உடன்பிறப்பு. ஆனால் இந்தத் துணுக்கு கிரீஸ் துடைப்பதோடு முடிந்துவிட வேண்டியதில்லை. அது நல்ல காகிதமாகவும் ஆகலாம்.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பருத்தித் துணுக்குதான் அதன் மூலப்பொருள். முதல் வேலை, துணுக்குகளைக் கையால் பிரிப்பது. பொத்தான், ரப்பர் நாடா, செயற்கை இழை கலந்த துண்டு ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு பொடியாக நறுக்கி, தண்ணீருடன் 'பீட்டர்' என்ற தொட்டியில் விட்டு மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். நூல் பிரிந்து இழையாகும். இழை நைந்து கூழாகும். நீர் கலந்த இந்தக் கூழுக்குள் கம்பிவலை பதித்த சட்டத்தை அமிழ்த்தி, மட்டம் பிசகாமல் மேலே தூக்கினால் தண்ணீர் வடிந்துபோய் வலையின் மேல் ஈரத்தாள் ஒன்று படிந்திருக்கும். அதைத் துணியின் மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி நீரைப் பிழிந்து, உலர்த்தி, பசையூட்டி, உருளைகளுக்கிடையே தேய்த்து எடுக்கிறார்கள்.

மரத்திலிருந்து காகிதம் செய்யும் பெரிய ஆலைகளில் இல்லாத வசதி ஒன்று இதில் இருக்கிறது. மரத்தில் செல்லுலோஸ் இழைகளை 'லிக்னின்' என்னும் பொருள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். அதைக் கரைத்து நீக்குவதற்கு ரசாயனங்களோடு அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்க வேண்டும். பருத்தியோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். செடியே சுத்தம் செய்து கொடுத்துவிட்டது என்று சொல்லலாம். மரத்தின் இழை சில மில்லிமீட்டர் நீளமிருந்தால் அதிகம். பருத்தி இழையோ பல மடங்கு நீளமானது. பருத்திக் காகிதம் எளிதில் கிழியாததற்கு இதுவே காரணம்.

ஆக, மூலப்பொருள் கழிவு. வேகவைக்கும் செலவு கிடையாது. ஆனால் கைகள் நிறைய வேண்டும். பிரிக்க, தூக்க, கவிழ்க்க, உலர்த்த என்று ஒவ்வொரு படியிலும் ஆள் நிற்க வேண்டும். பெரிய ஆலையில் ஒரு டன் காகிதத்துக்கு வேண்டிய ஆட்களைப்போலப் பல மடங்கு ஆட்கள் இங்கே வேண்டும். இது ஒரு குறை என்றுதான் நம் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுக்கும். இயந்திரம் பெருக வேண்டும், ஆள் குறைய வேண்டும், அதுவே முன்னேற்றம் என்பார்கள். வேலை தேடி இளைஞர்கள் அலைகிற நாட்டில் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை வேறோர் இடத்தில் இரண்டு பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தபோது ஐரோப்பாவில் எரிபொருள் விலை ஏறியது. வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. இவை இரண்டும் தனித்தனி நோய்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஜெனீவாவில் பாட்டெல் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்த வால்டர் ஸ்டாஹேல் என்ற கட்டடக் கலைஞரும், ஜெனவியேவ் ரெடே என்ற பெண்மணியும் வேறுவிதமாக யோசித்தார்கள். எரிசக்தி செய்யும் வேலையை மனித உழைப்பிடம் ஒப்படைக்க முடியுமா என்று ஆராய்ந்து, 1976ல் ஐரோப்பியக் கமிஷனுக்கு அறிக்கை கொடுத்தார்கள். 1981ல் அது நூலாகவும் வந்தது.

அவர்கள் போட்ட கணக்கு இதுதான். தொழில்துறை செலவிடும் எரிசக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சுரங்கம் தோண்டுவதிலும், இரும்பு, சிமெண்ட் போன்ற அடிப்படைப் பொருள்களை ஆக்குவதிலும் போய்விடுகிறது. அந்தப் பொருள்களைக் கொண்டு வண்டியும் வீடும் இயந்திரமும் செய்வதற்குக் கால் பங்குதான் ஆகிறது. மனித உழைப்பை எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழ். அடிப்படைப் பொருள்களை ஆக்க ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு. அவற்றிலிருந்து பண்டங்களைச் செய்ய முக்கால் பங்கு. அப்படியானால், செய்து முடித்த பண்டத்தை எறியாமல் பழுது பார்த்துப் பழுது பார்த்து நீண்ட நாள் ஓட்டினால் என்ன ஆகும்? எரிசக்தியை விழுங்கும் முதல் பகுதி குறையும். கைகளுக்கு வேலை தரும் இரண்டாம் பகுதியைப் போன்ற வேலை பெருகும். இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று எல்லாரும் பேசுகிறார்களே, அதன் வித்துகளில் ஒன்று இந்த அறிக்கை.

நம் வீட்டு மிக்சியை வைத்து இதைப் பார்ப்போம். மிக்சி நின்றுவிட்டது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சில ரூபாயில் மாற்றிவிடலாம். மோட்டார் புகைந்துபோயிருந்தால் காயில் கட்டுகிறவரிடம் கொடுக்கலாம். அவர் கருகிய செப்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். அதுவும் முடியாது என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டும். அங்கே செம்பு தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று உடைத்து எடைபோட்டு உருக்குவதற்கு அனுப்புவார்கள். மூன்றுமே சுழற்சிதான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் மிக்சி மிக்சியாகவே இருக்கிறது. இரண்டாவதில் கம்பி மட்டும் போயிற்று. மூன்றாவதில் மிஞ்சியது உலோகம் மட்டுமே. அந்த உலோகத்தைக் கடைந்து, துளையிட்டு, பொருத்தி மிக்சியாக்கிய உழைப்பு முழுவதும் காற்றில் போயிற்று. வட்டம் சிறியதாக இருக்குமளவுக்கு லாபம். 'மறுசுழற்சி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் கைதட்டுகிறோம். உண்மையில் அது கடைசி வழி.

அரசு பஸ் ஓடும் டயர் இன்னொரு நல்ல உதாரணம். டயரில் தேய்வது மேல்பட்டை மட்டும்தான். உள்ளே இருக்கும் கட்டுமானம் நன்றாகவே இருக்கும். தேய்ந்த பட்டையைச் சீவிவிட்டுப் புதுப் பட்டை ஒட்டி வேகவைத்தால் டயர் மீண்டும் சாலைக்குத் தயார். தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதற்கெனத் தங்கள் சொந்தக் கூடங்களையே வைத்திருக்கின்றன. 'ரீட்ரேடிங்' என்று பெயர் தெரியாதவர்கள்கூட அந்த டயர்மேல் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்.

ஆனால் எந்த வட்டமும் முழு வட்டமல்ல. விஞ்ஞானம் படிக்கும் நீங்கள் இதை மறக்கக்கூடாது. மரக்கூழ்க் காகிதத்தைத் திரும்பத் திரும்பக் கரைத்துத் தாளாக்கினால் ஒவ்வொரு தடவையும் இழை ஒடிந்து குட்டையாகிறது. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு அது தாளாக நிற்காது. மோட்டாரிலிருந்து செம்பைச் சரியாகப் பிரிக்காமல் இரும்போடு சேர்த்து உருக்கினால், கலந்த செம்பைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம். அந்த உருக்கைச் சூடாக்கித் தகடாக உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். கலப்பது சுலபம், பிரிப்பது கடினம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி ஆலைக்குள்ளும் அதிகாரம் செலுத்துகிறது. நம் பனியன் துணுக்குக்கும் இதே கதிதான். இன்று துணி நீண்டு சுருங்குவதற்காக ஸ்பான்டெக்ஸ் கலக்கிறார்கள். விலை குறைவதற்காகப் பாலியெஸ்டர் கலக்கிறார்கள். கலந்த துணி பீட்டர் தொட்டியில் கூழாகாது. நூல் நூற்கும்போது எடுத்த முடிவு, பல ஆண்டுகள் கழித்துக் காகிதக்கூடத்தில் இருப்பவரின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

சரி, வேலை பெருகும் என்றோமே, எவ்வளவு பெருகும்? ஐரோப்பாவில் ஏழு நாடுகளை வைத்து நடந்த ஆராய்ச்சியை ஸ்டாஹேல் 2016ல் எடுத்துக் காட்டினார். சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாறினால் அந்நாடுகளில் வேலை செய்வோர் எண்ணிக்கை சுமார் 4 சதவீதம் கூடும், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களின் வெளியீடு 70 சதவீதம் வரை குறையும் என்பது அதன் முடிவு. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2019ல் உலகம் முழுவதற்கும் ஒரு கணக்கு வெளியிட்டது. 2030க்குள் புதிதாக உருவாகக்கூடியவை சுமார் 7.8 கோடி வேலைகள். மறையக்கூடியவை சுமார் 7.1 கோடி. மிஞ்சுவது 70 லட்சம்.

பத்திரிகைகள் எடுத்துக்கொள்வது இந்த 70 லட்சத்தைத்தான். எனக்கு 7.1 கோடிதான் பெரிதாகப் படுகிறது. சுரங்கத்தில் வேலை இழந்தவர் மறுநாள் காலை மோட்டாருக்குக் காயில் கட்ட உட்கார்ந்துவிட மாட்டார். இழப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். ஊரும் வேறு, சம்பளமும் வேறு. கழித்தல் கணக்கில் இது தெரிவதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். குப்பைத் தொட்டிக்குப் பிரெஞ்சு மொழியில் 'பூபெல்' என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர். எழேன் பூபெல் என்பவர் பாரிஸ் நகரம் அடங்கிய மாவட்டத்தின் நிர்வாகியாக இருந்தார். 1883ல் அவர் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு கட்டடக்காரரும் மூடியுள்ள தொட்டிகள் வைக்க வேண்டும். அழுகும் குப்பை ஒன்றில், காகிதமும் துணியும் ஒன்றில், கண்ணாடியும் பீங்கானும் சிப்பி ஓடும் ஒன்றில் போட வேண்டும். குப்பையைப் பிரிப்பது இன்று நேற்றுத் தோன்றிய யோசனையல்ல! நல்ல உத்தரவுதான். ஆனால் அதை எதிர்த்துத் தெருவில் கிளம்பியவர்கள் யார் தெரியுமா? கந்தல் பொறுக்குகிறவர்கள். பாரிஸின் கந்தல் துணியை இரவோடிரவாகப் பொறுக்கிக் காகித ஆலைகளுக்கு விற்று வயிறு வளர்த்தவர்கள் அவர்களே. அந்த நகரத்தின் சுழற்சிப் பொருளாதாரமே அவர்கள் முதுகில்தான் இருந்தது. குப்பை தொட்டிக்குள் போய், விடிந்ததும் வண்டியில் ஏறிவிட்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? அதற்கு முன்பே, 1840களில், ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டு, கந்தலின் விலை சரியத் தொடங்கியிருந்தது. சுகாதாரம் ஒரு பக்கமும் புதுத் தொழில்நுட்பம் மறுபக்கமும் நெருக்க, அந்தத் தொழில் தேய்ந்துபோயிற்று.

நம் ஊர்களிலும் இதே நிலைமை வரலாம். முன்பெல்லாம் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டு தெருவில் போவார்கள். இப்போது பணம் கொடுக்கிறார்கள். வண்டிக்கு ஒலிபெருக்கி வந்திருக்கிறது. தொழில் அதேதான். நகரங்கள் துப்புரவு வேலையை மொத்தமாக ஒப்பந்தம் விடும்போது, ஒப்பந்தக்காரரின் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறது. தெருவில் பொறுக்கிப் பிழைத்தவரைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் அவர் கதி என்ன?

இதற்கு வேறு வழி உண்டு என்பதற்குப் புனே நகரம் சாட்சி. அங்கே குப்பை பொறுக்குகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், 1993ல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' என்ற கூட்டுறவு, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை வாங்கத் தொடங்கியது. பிரித்தெடுத்ததை விற்கும் உரிமை அவர்களுக்கே. வீட்டுக்காரர்கள் மாதந்தோறும் கட்டணமும் கொடுக்கிறார்கள். குப்பை மலையின்மேல் குனிந்து நின்றவர், அடையாள அட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார். தொழில்நுட்பத்தில் பெரிய புதுமை எதுவுமில்லை. யார் முதலில் தொடுவது என்ற வரிசைதான் மாறியது.

புதுச்சேரிக்கு இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலைகளால் வளர்ந்த ஊர் இது. 1936 ஜூலை 30ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சிந்தியப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆலை வேலை நல்ல வேலையாக ஆனதற்கு நூற்பு இயந்திரம் காரணமல்ல. அந்தப் போராட்டம் காரணம். 1898ல் ரோடியர் ஆலையாகத் தொடங்கிப் பிற்காலத்தில் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் எனப் பெயர் பெற்ற ஏ.எஃப்.டி. ஆலை, 2011 டிசம்பரில் வீசிய தானே புயலால் கடுமையாகச் சேதமடைந்து, 2020ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது.

அதற்கு ஈடான வேலை எங்கிருந்து வரப்போகிறது? சுழற்சித் தொழில்களிலிருந்து ஒரு பகுதி வரலாம் என்று நம்புகிறேன். ஆனால் அந்த வேலை இன்று இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செம்புக் கம்பியின் மேலுறையை உரிக்க நேரமாகிறதென்று நெருப்பில் போடுகிறார்கள். பி.வி.சி. உறை எரியும்போது டையாக்ஸின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. கம்பி உரிக்கும் சிறு இயந்திரம் ஒன்று இருந்தால் இந்தப் புகையே வேண்டியதில்லை. வாகனப் பேட்டரியை வெட்டவெளியில் உடைத்து உருக்கினால் ஈயத்தின் தூசியும் ஆவியும் பரவுகின்றன. குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். எட்டு மணி நேரக் கணக்கு இல்லை, கையுறை இல்லை, காப்பீடு இல்லை. இந்த வேலைக்குப் 'பசுமை வேலை' என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் பசுமையாகிவிடாது. 1936க்கு முந்தைய ஆலையைவிட இது எந்த விதத்தில் மேல்?

பழுது பார்ப்பதெல்லாம் ஏழைநாட்டுப் பழக்கம், வசதி வந்தால் தானாகப் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. பிரான்சு ஏழை நாடல்ல. 2021 ஜனவரியிலிருந்து அங்கே கைப்பேசி, மடிக்கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றை விற்கும்போது, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கழற்ற முடிகிறதா, உதிரிப் பாகம் கிடைக்கிறதா, என்ன விலை, விளக்கப் படம் தருகிறார்களா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இயற்றிய சட்டப்படி, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி முதல் செய்ய வேண்டும். இந்தியாவிலும் இத்தகைய மதிப்பெண் முறையை வகுக்க 2024ல் அரசு ஒரு குழு அமைத்தது. பசை போட்டு ஒட்டிய கைப்பேசி, பழுது பார்க்கும் கடைக்காரரின் தொழிலைச் சத்தமில்லாமல் பறிக்கிறது. திருகாணி போட்டுப் பொருத்தியது அவருக்குத் தொழில் கொடுக்கிறது. பசையா, திருகாணியா என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல, வேலைவாய்ப்புக் கேள்வியும்தான்.

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று தொழிற்பேட்டைகளுக்கு இங்கே குறைவில்லை. புதிய ஆலைக்கு மானியம் கொடுக்கும்போது, எத்தனை கோடி முதலீடு என்று கேட்பதோடு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை பேருக்கு வேலை என்றும் கேட்கட்டும். பழைய மோட்டார், கம்ப்ரெசர், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைக் கழற்றிப் புதுப்பித்து உத்தரவாதத்தோடு விற்கும் கூடங்களுக்கு அங்கே இடம் கொடுக்கட்டும். காயில் கட்டுகிறவரிடமும் செருப்பு தைக்கிறவரிடமும் ஐந்தாறு ஆண்டு தொழில் பழகியவருக்கு ஐ.டி.ஐ. சான்றிதழுக்குச் சமமான சான்று ஏன் கொடுக்கக் கூடாது? வங்கியில் கடன் கேட்க அந்தத் தாள் உதவும். அந்தத் தாளைப் பனியன் துணுக்கிலேயே செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை!

நீங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு ஆராய்ச்சி இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து உங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் உள்ள பழுதுபார்க்கும் கடைகளை எண்ணுங்கள். தையல், செருப்பு, சைக்கிள், மிக்சி, கைப்பேசி, கடிகாரம், பழைய இரும்பு எல்லாம் சேர்த்தி. ஒவ்வொரு கடையிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக, யாரிடம் தொழில் கற்றார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பத்து வருஷத்துக்கு முன்பு சரிசெய்ய முடிந்து, இப்போது முடியாமல் போன சாமான் எது? ஏன்?" கிடைத்த பதில்களை அட்டவணையாக்கி எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.